அந்த அரை வோல்ட்: பழைய பிபிசி மைக்ரோவோடு எட்டு மாதம்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன செய்யத் தோன்றும்? பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போடத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு நிமிட ஆசையால் எட்டு மாதமும் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு நெருக்கமான பணமும் போயின. முன்பே யாராவது நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை இது. என்னைப் போல இன்னொருவர் தனியாக உட்கார்ந்து தவிக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கையில் கிடைத்தது பிபிசி மைக்ரோ, மாடல் பி. 1981 கடைசியில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 6502ஏ பிராசஸர், 32 கிலோபைட் ரேம். 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்து இறங்கியவை இந்த இனம்தான். கும்பகோணத்தில் நான் படித்த பள்ளியிலும் இருந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஒரு மெஷினுக்கு நான்கு பேராக உட்காருவோம். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கணக்கு சார். பிற்பாடு பள்ளி அவற்றை ஏலம் விட்டபோது ஒன்றைத் தன் காசில் எடுத்துப் பரணில் வைத்திருந்திருக்கிறார். அவர் காலமாகி இரண்டு வருடம் கழித்து, பொங்கல் விடுமுறையில் அவர் மனைவி டீச்சரம்மாவைப் பார்க்கப் போனபோது, “இதை நீயே எடுத்துட்டுப் போப்பா. ஓடுச்சுன்னா ஒரு தடவை எனக்குக் காட்டு, போதும்” என்று கொடுத்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தூசி துடைத்து, வீடியோ வயரைப் பழைய டிவியில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு கனத்த ஒலி, உடனே ஒரு சின்ன ‘பீப்’. திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’, அதன் கீழே ‘பேசிக்’ என்ற எழுத்துகள். கண் கலங்கிவிட்டது. பத்தாவது வரியில் பெயரை அச்சடி, இருபதாவது வரியில் மறுபடி பத்துக்குப் போ என்று அன்றைக்கு சார் கற்றுக்கொடுத்த அதே இரண்டு வரியை அடித்து ஓட விட்டேன். சுமார் இருபது நிமிடம் ஓடியது. பிறகு ‘பட்’ என்று ஒரு வெடிச்சத்தம். இடது பக்கக் காற்றுத் துளைகளிலிருந்து பழுப்பு வெள்ளையாகப் புகை. பிளக்கைப் பிடுங்கிய கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிய மீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்தியது போன்ற அந்த நாற்றம் மூன்று நாள் அறையை விட்டுப் போகவில்லை. சார் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததை ஒரே மாலையில் கொன்றுவிட்டேன் என்று அன்றிரவு தூக்கமே இல்லை.

உண்மையில் கம்ப்யூட்டருக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. அதை நான் தெரிந்துகொண்டது பல மாதம் கழித்துத்தான். வெடித்தது பவர் சப்ளைக்குள், அதாவது வீட்டுக் கரண்டை கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஐந்து வோல்ட்டாக மாற்றும் பெட்டிக்குள், மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே இருக்கும் கெபாசிட்டர். சப்ளை கிளப்பும் மின் இரைச்சல் வீட்டு லைனுக்குள் போகாமல் தடுப்பதற்கு மட்டும்தான் அது இருக்கிறது. 1980களில் வந்த பல சப்ளைகளில் இது கண்ணாடி போன்ற மஞ்சள் பிசினுக்குள் பொதிந்த காகித வகை. வருடங்கள் போகப்போக அந்தப் பிசினில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியாக ஈரம் உள்ளே போய்க் காகிதத்தில் ஊறும். எங்கள் ஊர் காவிரிக்கரை, மெஷின் இருந்தது ஓட்டுவீட்டுப் பரண், ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். அந்த கெபாசிட்டரின் உடம்பில் 250 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அளந்தால் லைன் 251 காட்டுகிறது. ஆகையால் முதல் விஷயம் இது: பரணிலிருந்து இறக்கிய மெஷினுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். ‘ஃபிக்ஸ்’ என்று பொறித்த நான்கு திருகுகளைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். அடியில் இருக்கும் திருகுகளை எடுத்தால் சப்ளை பெட்டி தனியாக வரும். அதைத் திறந்து, மஞ்சள் பிசினில் கோடு கோடாக வெடிப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மதிப்பு மட்டும் பொருந்தினால் போதாது. ‘எக்ஸ்2’ என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் மேலே அச்சாகியிருக்க வேண்டும். ஃபேனுக்குப் போடுவதையோ, 400 வோல்ட் டிசி என்று இருப்பதையோ அங்கே போடக் கூடாது. எக்ஸ்2 வகை பழுதானாலும் தீப்பிடிக்காமல் இருக்கும்படி செய்யப்பட்டது, மற்றதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

நான் மாற்றவில்லை. பயந்துபோய், குறடால் வயர்களை இழுத்துப் பிடுங்கி, சப்ளை பெட்டியை மட்டும் ஒரு டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், பழைய டிவி சப்ளைகளில் கை பழகியவர். கெபாசிட்டர்களை மாற்றினார், மேஜையிலேயே வைத்து மீட்டரால் தொட்டார், 5.1 வந்தது. “சார், சப்ளை ஓகே. இனிமே வரலைன்னா போர்டுதான்.” 600 ரூபாய் கொடுத்தேன். அவர் போட்டது 400 வோல்ட் டிசி கெபாசிட்டர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வீட்டில் மாட்டிப் போட்டால் திரையில் ஒன்றும் இல்லை. முதல் நாள் கேட்ட அந்தக் கனத்த ஒலி மட்டும் நிற்காமல் ‘ஊ’ என்று கத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஒலியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். போர்டு சாகும்போது போடும் சத்தம் என்று நினைத்தேன். இந்த மெஷினில் சவுண்ட் சிப் கரண்ட் வந்தவுடன் தானாகவே கத்த ஆரம்பிக்கும். பிராசஸர் விழித்து, ரோமில் இருக்கும் புரோகிராமை ஓட்டி, முதல் வேலைகளில் ஒன்றாக அதை வாயை மூடச் சொல்லும். ஒலி நிற்கவில்லை என்றால் பிராசஸர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஏன் தொடங்கவில்லை என்பதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். அதில் மிகச் சாதாரணமானது போதுமான வோல்டேஜ் வராதது. நான் மற்ற ஒன்பதையும் தேடிப் போனேன்.

சப்ளை சரி என்று ஒருவர் சொல்லிவிட்டதால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. 6502ஏ பிராசஸர் இரண்டு வாங்கினேன், தபால் செலவோடு 2,350. ஒன்றும் மாறவில்லை. அடுத்து ரேம் மேல் சந்தேகம். 16 சிப்புகள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், கஸ்டம்ஸ் டியூட்டியோடு 5,200. அவற்றைக் கழற்ற ஈயம் உறிஞ்சும் மெஷின் 3,800. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக ஈயத்தை உருக்கி எடுத்தேன். ஐந்தாவது சிப்பைத் தூக்கும்போது அதோடு சேர்ந்து போர்டின் செப்புக் கோடு ஒன்று பிய்ந்து வந்தது. நாற்பது வருடம் முழுசாக இருந்த போர்டு. அதை நானே கிழித்துவிட்டேன். மெல்லிய கம்பி வைத்துச் சேர்த்துவிட்டேன், ஆனாலும் இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் மனது வலிக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சரம்மா போன் செய்தபோது “பார்த்துக்கிட்டிருக்கேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் மாதம், அடுத்த தெருவில் இருக்கும் ஒருவரிடம் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பவர் பிளான்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். “தம்பி, முதல் நாள் ஓடின மெஷின். நடுவுல என்ன மாறுச்சு?” யோசித்தேன். கெபாசிட்டர் வெடித்தது, சப்ளையைக் கழற்றினேன், மாட்டினேன். “சரி, அஞ்சு வோல்ட்டை எங்க வெச்சு அளந்தே?” மெக்கானிக் மேஜையில் அளந்தார் என்றேன். “அது சப்ளைகிட்ட இருக்குற அஞ்சு வோல்ட். சிப்புகிட்ட எவ்வளவு இருக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட சிப்பின் காலில் மீட்டரை வைக்கவில்லை.

அன்று மாலையே வந்து உட்கார்ந்தார். மெஷினைப் போட்டு, 6502இன் எட்டாவது காலில் சிவப்பு முனை, முதல் காலில் கறுப்பு முனை. 4.38. அந்தக் கால சிப்புகளுக்குக் குறைந்தது 4.75 வேண்டும். அதற்குக் கீழே எந்த சிப் எப்படி நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து, சப்ளையிலிருந்து வரும் வயர்களின் லக்கிலேயே, அதாவது போர்டுப் பின்னில் சொருகும் தகர முனையிலேயே, மீட்டரை வைத்தார். 4.93. நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் காணோம். பிறகு அவர் செய்ததை நான் எந்நாளும் மறக்க மாட்டேன். சிவப்பு முனையை லக்கின் தகரத்திலும், கறுப்பு முனையை அந்த லக் உட்கார்ந்திருக்கும் போர்டுப் பின்னிலும் வைத்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகம், நடுவில் ஒன்றுமே காட்டக் கூடாது. 0.31 வோல்ட் காட்டியது. பூமி வயர் (பூஜ்ய வோல்ட்) பக்கம் 0.20. போர்டுக்குள் போவதற்கு முன்பே அரை வோல்ட் அங்கே சூடாகித் தீர்ந்துகொண்டிருந்தது.

இந்த மெஷினில் சப்ளையும் போர்டும் சேர்வது ஏழு வயர்களில்: ஐந்து வோல்ட்டுக்கு மூன்று சிவப்பு, பூமிக்கு மூன்று கறுப்பு, மைனஸ் ஐந்து வோல்ட்டுக்கு ஒரு ஊதா. எல்லாம் அழுத்திச் சொருகும் தட்டை லக்குகள். உருவிப் பார்த்தால் இரண்டு சிவப்பு லக்குகளின் உட்புறம் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது, ஒரு கறுப்பு லக்கின் வாய் விரிந்துபோய் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருடத்துத் துரு ஏற்கெனவே இருந்திருக்கிறது. புகை வந்த அன்று நான் குறடால் இழுத்ததில் பிடிப்பும் போயிருக்கிறது. அது தெரியாமல் ரேமைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டரை ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட கால் வோல்ட் போய்விடும். அந்தத் தடை சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்சில் சரியாகத் தெரியாது. கரண்ட் ஓடும்போது இரண்டு பக்கமும் வோல்டேஜ் வைத்துப் பார்த்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய மெஷினில் நிற்காத ஒலியோ குழம்பிய திரையோ வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். அதுவரை ஒரு சிப்பையும் தொடாதீர்கள்.

பின்களை காண்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்து, வயர் முனையை வெட்டிப் புது லக் அழுத்தினோம். லக்குகளுக்கு 60 ரூபாய். சிப்பில் 4.85. ஸ்விட்சைப் போட்டதும் கனத்த ஒலி, பிறகு ‘பீப்’. ஐந்து மாதம் கழித்து அந்த இரண்டாவது சத்தத்தைக் கேட்டேன். சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் முழுதாக முடியவில்லை. நாற்பது நிமிடம் ஓடினால் படம் நெளிய ஆரம்பிக்கும், பிறகு உறைந்து நிற்கும். இப்போது மீட்டரில் வோல்டேஜ் சரியாகவே இருந்தது. டிசி ரேஞ்ச் சராசரியைத்தான் காட்டும், அதன் மேல் சவாரி செய்யும் அலையைக் காட்டாது. ஏசி ரேஞ்சில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் மலிவு மீட்டரை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் பத்துப் பதினொன்றும் காட்டினால் அந்த மீட்டருக்கு டிசியைத் தடுக்கத் தெரியாது, அது சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது. என் மீட்டர் அப்படித்தான் இருந்தது. பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் ஆசிலோஸ்கோப்பில் (வோல்டேஜின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்த்தபோது ஐந்து வோல்ட் கோட்டின் மேல் முந்நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் கூர் கூராக நின்றது. அடுத்து 900 ரூபாய்க்கு, கெபாசிட்டரின் உள் தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்று வாங்கினேன். நான் வாங்கிய கருவிகளில் உருப்படியானது இது ஒன்றுதான். வெளியே உப்பாமல், கசியாமல், மைக்ரோஃபாரட் அளவும் சரியாகக் காட்டும் கெபாசிட்டர்கூட உள்ளுக்குள் தடை கூடிப்போய் உதவாமல் இருக்கும். சப்ளையின் வெளிவருகைப் பக்கத்தில் மூன்று எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் அப்படி இருந்தன. 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் என்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றினேன், 310 ரூபாய். முன்பு தப்பாகப் போட்டிருந்த லைன் கெபாசிட்டர்களுக்கும் எக்ஸ்2 வாங்கினேன், 240.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் உயிர் போகும். இந்த சப்ளைக்குள் 230 வோல்ட் நேராக டிசியாக மாறி, பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் நிற்கும். நான் ஐந்து நிமிடம் கழித்து அளந்தபோது 60 வோல்ட் மிச்சம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தீர்க்காதீர்கள். 2.2 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை நல்ல இன்சுலேஷன் போட்ட வயரில் கட்டி வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுத் தீர்த்து, மீட்டரில் பார்த்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். ஆசிலோஸ்கோப்பின் பூமிக் கிளிப்பை மெயின்ஸ் பக்கத்தில் ஒருபோதும் மாட்டக் கூடாது. பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சப்ளை பெட்டித் தகரம் வரை தொடர்பு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் யாரோ மூன்று பின் பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்டிருந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் சார் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். எனக்கும் முதல் நாள் நினைவு வந்து உடம்பு சிலிர்த்தது. ரத்த அழுத்தம், அவசரம், தூக்கக் கலக்கம் எது இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மாற்றிய சப்ளையை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டவும் கூடாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் போர்டு இதற்கு அருமையான துணை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு சப்ளைக்குக் கரண்ட் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட், பல்ப் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பிறகு ஐந்து வோல்ட்டில், கம்ப்யூட்டருக்குப் பதிலாகக் கரண்ட் இழுக்க ஒரு போலிச் சுமை. 4.7 ஓம் 10 வாட் மின்தடை இரண்டை இணையாகக் கட்டினால் இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். சூடேறும், அதனால் ஒரு நாட்டு ஓட்டின் மேல் வைத்துவிட்டேன். இந்தச் சுமையைப் போடும்போது பல்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சப்ளை திணறும். சுமை இல்லாமல் பார்த்தால் சில சப்ளை எழவே எழாது, ‘டிக் டிக்’ என்று முயன்று முயன்று விழும். அதைப் பார்த்துப் பழுது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. சில சப்ளை சுமை இல்லாமல் அழகாக 5.1 காட்டும், என் மெக்கானிக்கிடம் காட்டியது போல. இரண்டையும் நம்ப முடியாது. சுமையோடு அரை மணி நேரம் வைத்து, சூடான பிறகு வோல்டேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள்.

வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கமடோர் 64இன் செங்கல் போன்ற வெளி சப்ளை இதற்கு நேர் எதிராகப் பழுதாகும். அதன் ஐந்து வோல்ட் ஏறிப்போய் ரேமைக் கொன்றுவிடும். அதைக் கம்ப்யூட்டரில் சொருகுவதற்கு முன்பே அளக்க வேண்டும், ஒரு நாள் சரியாக இருந்தது என்பதால் மறுநாளும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டர் சும்மா இருக்கும்போது பன்னிரண்டுக்கு மேல் காட்டும், அது பழுதல்ல. ஆனால் அதன் பின்னில் நடுவில் மைனஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பார்க்காமல் சொருகினால் மெஷின் போய்விடும்.

கணக்கு எழுதிப் பார்த்தேன். மெக்கானிக், பிராசஸர், ரேம், ஈயம் உறிஞ்சும் மெஷின் எல்லாம் சேர்த்து 11,950 ரூபாய். உண்மையான பழுதுக்கு ஆன செலவு 610. பழைய ரேம் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஆட்டோவில் மடியிலேயே வைத்து டீச்சரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறுபடி மூடும் முன் மேல்மூடியின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். எந்தெந்த கெபாசிட்டர் என்றைக்கு மாற்றியது, லக்கில் எத்தனை வோல்ட், பிராசஸரின் எட்டாவது காலில் எத்தனை வோல்ட், ரேம் வரிசையில் கம்பி வைத்து ஒட்டிய கோடு எது, எல்லாம் பென்சிலில். அடுத்து இதைத் திறப்பவர் நானாகவே இருந்தாலும் தேவைப்படும். ஸ்விட்சைப் போட்டேன். கனத்த ஒலி, பிறகு ‘பீப்’. டீச்சரம்மா பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் இதை வீட்டில் போட்டுப் பார்க்கும்போது அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும் என்று சொல்லிவிட்டு, “இன்னொரு தடவை அணைச்சுப் போடுப்பா” என்றார்கள்.